முன்வண்டி கண்ட பறவை

பறவை பார்ப்பதற்கென்று ஒரு கூட்டம் புறப்பட்டு, மலைத்தோட்டப் பாதையொன்றிலே நான்கு வண்டிகளில் ஏறிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதையின் ஒருபுறம் தேயிலைச் சரிவு. மறுபுறம் காட்டின் விளிம்பு. முன்வண்டியில் இருப்பவர் கண்ணிலே, செந்நிற வயிறு பளிச்சிட ஒரு கிளையில் அசையாது அமர்ந்திருக்கும் தீக்காக்கை படுகிறது. முதல் வண்டி நிற்கிறது. இரண்டாம் வண்டியில் உள்ளவர்கள் எட்டிப் பார்த்துப் பாதிப் பறவையைக் காண்கிறார்கள். மூன்றாம் வண்டி வளைவுக்குப் பின்னால் நிற்கிறது. அதில் இருப்பவர்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவருகிறார்கள். நான்காம் வண்டிக்காரருக்கோ காரணமே தெரியாது; அவர் ஒலிப்பானை அழுத்துகிறார். அந்த ஒலியோடு தீக்காக்கை பறந்துவிடுகிறது.

கூட்டமாகப் பறவை பார்க்கச் செல்வோர் அனைவரும் அறிந்த துன்பம் இது. நாமும் மாணாக்கரை அழைத்துக்கொண்டு இரத்தினபுரிப் பக்கம் சென்ற நாளொன்றில், கடைசி வண்டியிலிருந்து இறங்கிய மாணவி ஒருத்தி சொன்ன சொல்லை இன்றும் மறக்கவில்லை. "முன்னுக்குப் போனவர்கள் பறவையைப் பார்த்தார்கள், சேர். நாங்கள் அவர்கள் பார்த்த மரத்தைப் பார்த்தோம்" என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆயினும், விடியுமுன் எழுந்து, வீட்டாரிடம் பணம் கேட்டு வாங்கி, அத்தனை தூரம் வந்த பிள்ளைக்குக் கிடைத்தது வெறும் மரந்தானா என்ற கேள்வி நம் மனத்தில் நின்றது.

இத்துன்பத்துக்கு மருந்தாக உலகின் பல நாடுகளிலே பறவை நோக்குவோர் கையாளுவது ஒரு சிறு கருவி. கையடக்க வானொலி என்று அதனைச் சொல்லலாம். பொதுமக்கள் வழக்கில் அது 'வோக்கி டோக்கி'. வண்டிக்கொன்றாக வைத்துக்கொண்டால் முன்வண்டி கண்டதைப் பின்வண்டி அக்கணமே அறியும். சப்பிரகமுவ மலைத்தோட்டங்களுக்கு இக்கருவி ஏற்றதா, அதனை எவ்வாறு பயன்படுத்த வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பனவற்றை இங்கே ஆராய்வோம்.

வளைவும் பள்ளமும் நிறைந்த நாடு

சப்பிரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. இறக்குவானை, பலாங்கொடை, பெல்மதுளை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று பெயர் சொன்ன அளவிலேயே தேயிலையும் இறப்பரும் கண்முன் தோன்றும். அத்தோட்டங்களுக்கு இடையிடையே ஈரவலயக் காடுகள் நிற்கின்றன. அவற்றுள் தலையாயது சிங்கராஜ வனம். 1978ஆம் ஆண்டில் உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும், 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாகவும் யுனெஸ்கோ நிறுவனம் ஏற்றுக்கொண்ட காடு அது. கலவானையிலிருந்து வெத்தாகல வழியாகக் குடாவ வாயிலை அடைவோரும், இறக்குவானையிலிருந்து சூரியகந்தை வழியாக அதன் கிழக்குப் பக்கத்துக்கு ஏறுவோரும் தோட்டப் பாதைகளைக் கடந்தே செல்கின்றனர். கேகாலை மாவட்டத்திலே களனி கங்கையை அடுத்த கித்துல்கலைக் காடும் பறவை நோக்குவோர் விரும்பிச் செல்லும் இடம்.

இலங்கைக்கே உரியனவும் உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காதனவுமான பறவையினங்கள் முப்பதுக்கு மேல் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை இந்த ஈரவலயக் காடுகளில் வாழ்வன. செம்முகப் பூங்குயிலைக் காணவும், சிங்களத்தில் கெஹிபெல்லா எனப்படும் நீலக் காக்கையைக் காணவும் வெளிநாட்டார் விமானம் ஏறி வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அவை பஸ்வண்டி ஏறிப் போகும் தூரத்தில் இருக்கின்றன.

ஆனால் பாதைகள் குறுகியவை. ஒரு வண்டி போகும் அகலந்தான் பல இடங்களில் உண்டு. எதிரே கொழுந்து லொறி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியே தீரவேண்டும். கொண்டையூசி வளைவுகளிலே முன்வண்டி தலைக்கு மேலே நிற்கும், பின்வண்டி காலுக்குக் கீழே நிற்கும், ஒருவரையொருவர் காணமாட்டார். கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். மலை மறைத்த பள்ளங்களில் அதன் அலை எட்டுவதில்லை. எட்டினாலும் தொலைபேசி ஒருவரை ஒருவர் அழைக்கும் கருவி. எண்ணை அழுத்தி, மணி அடித்து, மறுமுனையில் எடுப்பதற்குள் பறவை அடுத்த மலைக்குப் போய்விடும். கைவானொலியிலோ பொத்தானை அழுத்திப் பேசியவுடன் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. இடையிலே கோபுரமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

கருவி பிறந்த கதை

இக்கருவியை யுத்தத்தின் குழந்தை என்பர். அது பாதி உண்மையே. 1937ஆம் ஆண்டில் கனடா நாட்டிலே டொனால்ட் ஹிங்ஸ் என்பவர், சுரங்கக் கம்பனி ஒன்றுக்காகக் காட்டு மலைகளில் பறந்து திரிந்த விமானிகள் எடுத்துச் செல்லக்கூடிய இருவழி வானொலியைச் செய்தார். அதாவது, ஆள் அரவமற்ற வனாந்தரத்தில் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளவே இக்கருவியின் முன்னோடி பிறந்தது. பின்னர் இரண்டாம் உலக யுத்தம் அதனைப் பற்றிக்கொண்டது. பின்னாளில் மோட்டரோலா என்று பெயர் பெற்ற அமெரிக்கக் கம்பனி, ஒரு கையில் பிடித்துப் பேசத்தக்க கருவியைப் படைவீரருக்குச் செய்து கொடுத்தது. அதன் நிறை இரண்டு கிலோவுக்கு மேல். இன்று அதே வேலையைச் செய்யும் கருவி சட்டைப்பையில் அடங்குகிறது.

அதன் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது நன்று. இக்கருவிகளின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் நின்றுவிடும்; ஈரமான இலைக்கூட்டம் அவற்றின் வலிமையைக் குறைக்கும். பெட்டியின் மேலே பல கிலோமீற்றர் தூரம் எட்டும் என்று அச்சிட்டிருப்பதெல்லாம் மலையுச்சிக்கும் மலையுச்சிக்கும் இடையே பொருந்தும் கணக்கு. கலவானைப் பள்ளத்தாக்கிலே ஒன்றிரண்டு கிலோமீற்றர் எட்டினால் அதுவே பெரிது. ஆனால் பறவை பார்க்கப் போகும் வண்டிகள் ஒன்றுக்கொன்று சில நூறு மீற்றர் தூரத்திலேயே செல்வதால் அது போதும். முன்வண்டி மலையின் அப்புறம் இறங்கி, பின்வண்டி இப்புறம் நின்றால், உச்சியில் நிற்கும் நடுவண்டி இருபக்கச் செய்தியையும் வாங்கிக் கொடுக்கலாம். வண்டியின் இரும்புக் கூடு அலையைத் தடுக்குமாதலால் கருவியைச் சன்னலோரம் நிமிர்த்திப் பிடிப்பது நல்லது.

இன்னொரு இயல்பையும் மறத்தலாகாது. தொலைபேசியில் இருவரும் ஒரே வேளையில் பேசலாம். கைவானொலியில் அது முடியாது. ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை மற்றவர் கேட்க மட்டுமே இயலும். இருவர் ஒருங்கே அழுத்தினால் இருவர் சொல்லும் கெடும். ஆகவே இக்கருவி நமக்கு முதலிற் கற்பிப்பது பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கம்.

காடு நடத்தும் வானொலி

கூட்டமாகச் செல்வோர் ஒருவர்க்கொருவர் செய்தி சொல்லிக்கொள்வது மனிதன் கண்ட புதுமையன்று. சிங்கராஜ வனத்துப் பறவைகள் அதனை நமக்கு முன்பே அறிந்திருக்கின்றன.

அக்காட்டிலே பல இனப் பறவைகள் ஒன்றுசேர்ந்து கூட்டமாக இரை தேடித் திரிகின்றன. பேராசிரியர் சரத் கொடகமவும் அவரோடு ஆராய்ந்தவர்களும் 1981ஆம் ஆண்டு முதல் இக்கூட்டங்களை எண்ணிக் குறித்து வந்தனர். சராசரியாகக் கூட்டமொன்றில் பன்னிரண்டு இனங்களைச் சேர்ந்த நாற்பது பறவைகள் வரை இருப்பது தெரியவந்தது. நம் கணக்கில் அது நான்கைந்து வண்டிகள் கொள்ளும் கூட்டம்.

இக்கூட்டத்தைக் கட்டிக் காப்பவை இரண்டு இனங்கள். ஒன்று செஞ்சொண்டுப் புலுனி. வீட்டு முற்றத்தில் ஏழெட்டாகக் கூடிக் கத்தும் புலுனிக்கு இது காட்டு உறவு. எண்ணிக்கையில் மிகுந்த இவ்வினம் இடைவிடாது குரல் கொடுத்துக்கொண்டே செல்லும். அக்குரலே ஏனையவை பின்தொடர்வதற்கு அடையாளம். மற்றது கொண்டைக் கரிக்குருவி. இது கூட்டத்தின் காவலன். வல்லூறு போன்ற பகை தென்பட்டால் எச்சரிப்பது இதன் வேலை. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் எபென் குடேலும் கொடகமவும் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, கூட்டத்தின் எச்சரிக்கைக் குரல்களிற் பெரும்பாலானவற்றைக் கொடுப்பவை இவ்விரண்டுமே என்றும், அவற்றுள் கரிக்குருவியின் எச்சரிக்கையே நம்பத்தக்கது என்றும் கூறப்பட்டது.

கரிக்குருவிக்கு மற்றொரு வித்தையும் உண்டு. பிற பறவைகளின் குரலை அது அப்படியே எடுத்துக் காட்டும். அக்குரல்களை ஒலிப்பதிவு செய்து காட்டில் இசைத்துப் பார்த்த அவ்வாய்வாளர்கள், கரிக்குருவி பிற இனங்களின் குரலைக் கலந்து கூவும்போது அதிகப் பறவைகள் வந்து கூடுவதை 2006ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். கூட்டத்தைச் சேர்ப்பதற்குக் கரிக்குருவி கேட்பவரின் மொழியிலேயே பேசுகிறது போலும்!

ஆபிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்திலே இதன் உறவினமொன்று வேறொரு பாடம் சொல்கிறது. பகை வராதபோதே பொய் எச்சரிக்கை எழுப்பி, அஞ்சியோடும் பிராணிகள் விட்டுச் சென்ற இரையைக் கவர்ந்துகொள்ளுவது அதன் தந்திரம். ஒரே பொய்யைப் பலமுறை கேட்டவை அதனை நம்புவதை விட்டுவிடுகின்றன. உடனே அது வேறொரு குரலுக்கு மாறிக்கொள்கிறது. டொம் ஃபிளவர் என்னும் ஆய்வாளர் இதனைக் கண்டு 2014ஆம் ஆண்டில் எழுதினார்.

கைவானொலியை எடுப்போர்க்கு இவற்றைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. ஓயாது கத்துவதன் பயன் கூட்டம் சிதறாதிருப்பது மட்டுமே. எப்போதாவது பேசி, பேசுவதை உறுதியாகப் பேசுபவன் சொல்லுக்கே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். உறுதியில்லாததை உறுதிபோலச் சொன்னவன் சொல்லை மூன்றாம் முறை யாரும் கேளார்.

பேசும் முறை

நல்ல செய்தியொன்று எவ்வாறு இருக்க வேண்டும்? "ஐயோ, எவ்வளவு அழகு! அதோ அந்த மரத்திலே, சிவப்பாக, ஓடி வாருங்கள்!" என்பது செய்தியன்று. பின்வண்டிக்காரருக்கு 'அந்த மரம்' எதுவென்று தெரியாது. காட்டில் மரத்துக்கா பஞ்சம்?

"முதல் வண்டி பேசுகிறது. தீக்காக்கை, ஆண். மதகு தாண்டி இடப்பக்கம், சாய்ந்த மரம், ஆள் உயரம் மூன்று. அசையாமல் இருக்கிறது. மெல்ல வாருங்கள்." இது செய்தி. யார் பேசுகிறார், என்ன பறவை, எங்கே, எவ்வளவு உயரத்தில், என்ன செய்கிறது என்னும் ஐந்தும் இதில் அடங்கிவிட்டன. சொல்லி முடிக்கப் பத்து விநாடி ஆகாது. பறவையின் பெயர் தெரியாவிட்டால், "காகத்திலும் சிறியது, முதுகு பழுப்பு, பெயர் தெரியவில்லை" என்று கண்டதைக் கண்டபடி சொன்னாற் போதும். பெயரை எல்லாரும் பார்த்தபின் கூடிப் பேசி முடிவு செய்யலாம்.

திசை காட்டுவதற்கு மேனாட்டார் மணிக்கூட்டு முகத்தைக் கொள்வர். வண்டியின் மூக்குக்கு நேரே பன்னிரண்டு மணி, வலக்கைப் பக்கம் மூன்று மணி என்று கணக்கு. சமவெளியில் அது நல்ல முறை. வளைந்து வளைந்து ஏறும் தோட்டப் பாதையிலே ஒவ்வொரு வண்டியின் மூக்கும் ஒவ்வொரு பக்கம் பார்க்குமாதலால் அது குழப்பத்தையே தரும். அங்கே மதகு, மைல்கல், கோயில், லயம், கொழுந்து மடுவம் என்னும் அசையாப் பொருள்களைச் சுட்டுவதே நேரிது.

பொத்தானை அழுத்தியதும் ஒரு கணம் பொறுத்துப் பேச வேண்டும்; இல்லையேல் முதற்சொல் விழுங்கப்படும். அந்த முதற்சொல் பெரும்பாலும் பறவையின் பெயராக இருப்பதுதான் வேடிக்கை. வண்டிக்கொருவர் மட்டுமே கருவியை வைத்திருக்க வேண்டும். கருவி ஆளுக்காள் கைமாறினால் வண்டியிலுள்ளோர் அனைவரும் பேச்சாளராகி, கேட்பவர் இல்லாமற் போவர். மாணாக்கர் குழுவானால், அப்பொறுப்பை மணிக்கொருவராக மாற்றிக் கொடுக்கலாம். ஐந்து சொற்களில் ஒரு பறவையை வருணிக்கக் கற்றவன் பரீட்சைத் தாளிலும் வளவளவென்று எழுதமாட்டான்.

பறவைக்கு அப்பாலும் இக்கருவிக்கு வேலை உண்டு. "லொறி வருகிறது, ஒதுங்குங்கள்", "கொழுந்து எடுப்போர் பாதையைக் கடக்கிறார்கள், மெல்ல", "கடைசி வண்டி வளைவைத் தாண்டிவிட்டது" என்னும் சொற்கள் விபத்தைத் தடுப்பன. கடைசி வண்டியைக் கேட்காமல் முதல் வண்டி புறப்படக்கூடாது என்பதை விதியாகவே கொள்ளலாம். அகலமான இடம் வந்ததும் கடைசி வண்டியை முன்னே விடுவது இன்னும் நல்லது. கருவி செய்தியைத்தான் கொண்டுசெல்லும். முறை வைத்து முன்னே விடுவது மனிதர் செய்ய வேண்டியது.

மௌனத்தில் பிடிபட்ட ஆந்தை

பேசும் கருவியைப் பற்றிப் பேசும்போதே பேசாமையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அதற்குச் சப்பிரகமுவக் காடுகளே சான்று தருகின்றன.

1995ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே கித்துல்கலைக் காட்டில் தீபால் வறக்காகொட என்னும் பறவை நோக்குநர் ஒரு குரலைக் கேட்டார். மெல்லிய, குறுகிய, ஒற்றைக் குரல். இலங்கைப் பறவைகளின் குரல்களைப் பதிவு செய்வதில் வல்லவரான அவருக்கு அது எந்தப் பறவையினது என்று தெரியவில்லை. தெரியாத குரல் என்று விட்டுவிடாமல் அவர் அதனைத் தேடிக்கொண்டே இருந்தார். ஆறு ஆண்டுகள் கழிந்தன. 2001ஆம் ஆண்டு சனவரி மாதம் சிங்கராஜ வனத்திலே அக்குரலுக்கு உரிய பறவையை நேரிற் கண்டார். செம்பழுப்பு நிறமுடைய, கையகலமே உள்ள சிறிய ஆந்தை அது. 2004ஆம் ஆண்டில் அவரும் பமெலா ராஸ்முசன் என்னும் அறிஞரும் அதனை உலகுக்குப் புதிய இனமென்று வெளியிட்டனர். 1868ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிற் கண்டுபிடிக்கப்பட்ட முதற் புதுப் பறவையினம் அதுவே என்பர்.

அவ்வாந்தையின் விஞ்ஞானப் பெயரில் தீலோ ஹொஃப்மன் என்பவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1970களிலே சிங்கராஜ வனத்து மரங்கள் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்கொண்டு வெட்டப்பட்டபோது, அதனை எதிர்த்து வாதாடியவர்களுள் முன்னின்றவர் அவர். 1977ஆம் ஆண்டில் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. நிறுத்தப்படாதிருந்தால் ஆந்தையும் இல்லை. நம் பயணமும் இல்லை.

எண்ணிப் பாருங்கள். அந்தப் பெப்ரவரி இரவிலே வறக்காகொடவின் இடுப்பில் ஒரு கருவி கரகரவென்று, "எங்கே நிற்கிறீர்கள்? தேநீர் ஆறுகிறது!" என்று கத்திக்கொண்டிருந்தால் அந்த மெல்லிய குரல் அவர் காதில் விழுந்திருக்குமா? ஈரவலயக் காட்டிலே பறவையைக் கண் காண்பதற்கு முன் காதுதான் காண்கிறது. அடர்ந்த இலைக்குள்ளே நூறு பறவை இருந்தாலும், குரல் கொடுத்தால் ஒழிய ஒன்றும் தெரியாது. ஆகவே கைவானொலி வண்டிக்குள் இருக்கட்டும். வண்டியை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்கும்போது அதன் வாயை அடைத்து, காதிற் செருகும் குழாய் ஒன்றின் வழியாக மட்டும் கேட்பதே முறை. குடாவ வாயிலுக்கு உள்ளே நடைப் பயணந்தான். வழிகாட்டியும் உடன் வருவார். அங்கே அவர் குரலும் பறவைக் குரலும் போதும்.

கூட்டும் கருவியின் தீங்கு

செய்தி பரவுவது எப்போதும் நன்மையன்று. யாலச் சரணாலயத்திலே சிறுத்தை தென்பட்டது என்ற சொல் தொலைபேசியிற் பரவியதும் வண்டிகள் புழுதி பறக்க விரைந்து வந்து சூழ்ந்துகொள்ளும் காட்சியைப் பத்திரிகைகளிற் பலமுறை பார்த்திருக்கிறோம். சப்பிரகமுவவின் தென்கிழக்கு எல்லையிலே, 1972ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட உடவளவைத் தேசியப் பூங்காவிலும் யானையைச் சுற்றி வண்டிகள் நெருங்குவதைக் காணலாம். அங்கே பார்வையாளர் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்பது விதி. அத்தகைய இடத்தில் வண்டிக்கு வண்டி பேசும் கருவி பேருதவிதான். ஆனால் கூட்டம் சேர்க்கும் கருவியும் அதுவே.

எனவே சில கட்டுப்பாடுகளை நாமே விதித்துக்கொள்ள வேண்டும். கூடு கட்டியிருக்கும் பறவையையும், பகலில் உறங்கும் ஆந்தையையும் கருவியில் அறிவிக்கலாகாது. ஏனெனில், கைவானொலி இரகசியம் காப்பதன்று; அதே அலைவரிசையில் கருவி வைத்திருப்பவர் யாராயினும் கேட்கலாம். காட்டிலிருந்து வல்லப்பட்டை மரத்தைத் திருடுவோரும் பறவையையும் விலங்கையும் பிடிப்போரும் இருக்கிற நாட்டிலே, அரிய உயிரின் விலாசத்தை ஆகாயத்தில் எறிவது தகாது. நான்கு வண்டியும் ஒருசேர வந்து பறவையின் கீழே நிற்பதும் தகாது. இரண்டு நிற்க, இரண்டு காத்திருக்கலாம். காத்திருப்போருக்கு நிலைமையைச் சொல்லிக்கொண்டிருப்பதே கருவியின் நற்பயன்.

தோட்டத்து மக்களையும் மறத்தலாகாது. விடியற்காலையிலே பெரட்டுத் தப்பின் ஒலி கேட்டு எழுந்து, சங்கொலிக்கு வேலை தொடங்கிப் பழகியவர்கள் அவர்கள். குறிப்பொலியால் ஒரு கூட்டத்தை நடத்துவது எவ்வாறு என்பது அவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டப் பாதையிற் செல்ல நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுவது மரியாதை. கொழுந்து எடுக்கும் அம்மாவிடம், "இந்தப் பக்கம் என்ன குருவி வரும், அம்மா?" என்று கேட்பது மரியாதையோடு அறிவும் ஆகும். நாள்தோறும் அச்சரிவில் நிற்பவர் அறிந்ததை நம் கையிலுள்ள கருவி அறியாது.

சட்டம் சொல்வது

அமெரிக்காவிலே 1996ஆம் ஆண்டு முதல் குடும்பங்கள் உரிமமின்றிப் பயன்படுத்தும் சிறு வானொலிச் சேவையொன்று உண்டு. ஐரோப்பாவிலும் 446 மெகாஹேர்ட்ஸ் அளவில் அரை வாற்று வலுவுள்ள கருவிகள் உரிமமின்றி வழங்குகின்றன. அந்நாட்டுப் பறவை நோக்குவோர் கடையில் வாங்கிய உடனே வண்டியில் வைத்துக்கொண்டு புறப்படுவது இதனாலேயே.

அங்கே உள்ள சலுகை இங்கேயும் உண்டென்று கருதி, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, வானொலி அலைகளை அனுப்பும் கருவிக்கும் அலைவரிசைக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். நாட்டுக்கு நாடு அலைவரிசைப் பங்கீடு வேறுபடும். ஓரிடத்தில் விளையாட்டுக்கு விட்ட வரிசை, மற்றோரிடத்திலே பொலிசாருக்கோ வைத்தியசாலை வண்டிக்கோ உரியதாக இருக்கலாம். நம் பறவைச் செய்தி ஓர் உயிரைக் காக்கும் செய்தியின் குறுக்கே நிற்குமானால் அதனினும் பெரிய பிழை வேறில்லை. ஆகவே கல்லூரிகளும் கழகங்களும் முன்னதாகவே விசாரித்து முறைப்படி அனுமதி பெறுவது நன்று. சிங்கராஜ வனத்துக்கு வனத் திணைக்களத்தினரையும், உடவளவைக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தினரையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விஞ்ஞானத்தில் ஆர்வமுள்ள மாணாக்கருக்கு இன்னொரு வழியும் உண்டு. பரீட்சை எழுதி உரிமம் பெறும் அமெச்சூர் வானொலிக் கலை நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, தொலைபேசி அறுந்த தென்கரையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தவர்களுள் இந்த அமெச்சூர் வானொலியாளரும் இருந்தனர்.

மழை வரும் வேளை

சப்பிரகமுவ மழைநாடு. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அத்தகைய மண்ணிலே மழைக்காலத்தில் குழுவாகச் செல்வோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தே புறப்பட வேண்டும். எச்சரிக்கை இருக்குமாயின் பயணத்தை நிறுத்துவதே அறிவு. எதிர்பாராது மழை பிடித்துக்கொண்டால், "பாதையில் சேற்றுநீர் வருகிறது, யாரும் ஏறவேண்டாம்" என்று முன்வண்டி பின்வண்டிக்குச் சொல்லும் ஒரு சொல், அதுவரை சொன்ன பறவைப் பெயர்கள் அனைத்தையும்விட விலை மதிப்புடையது. கருவியின் மின்கலத்தை அந்த ஒரு சொல்லுக்காக மிச்சம் பிடித்து வைத்திருப்பது ஆசிரியரின் கடமை.

கருவி வாங்கும் வசதியோ அனுமதியோ இல்லாத பள்ளிக்கூடங்கள் மனம் தளர வேண்டா. வண்டி நின்றதும் முன்வண்டியிலிருந்து ஒரு மாணவன் சத்தமின்றி இறங்கி, வளைவிலே நின்று கைச்சைகையால் பின்வண்டிக்குக் காட்டலாம். உயர்த்திய கை 'நில்' என்றும், தாழ்த்திய கை 'மெல்ல வா' என்றும் பொருள்படும். செலவில்லாத இந்த வானொலிக்கு உரிமமும் வேண்டியதில்லை. வண்டிகளின் முறையை மாற்றிக்கொள்வதும், கடைசி வண்டிக்காகக் காத்திருப்பதும், கண்டதை உள்ளபடி சுருங்கச் சொல்வதும் கருவி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொதுவான விதிகள்.

கைவானொலியின் பெருமையெல்லாம் இதுதான்: முன்னே செல்பவன் தான் கண்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் பின்னே வருபவனுக்கும் பங்கிடுகிறான். அந்த எண்ணம் உள்ளவன் கையில் கருவி பயன் தரும். அவ்வெண்ணம் இல்லாதவன் கையில் அது இன்னுமோர் இரைச்சலே. அடுத்த விடுமுறையிலே சப்பிரகமுவ மலைக்குப் புறப்படும் குடும்பங்களும் மாணாக்கரும் வண்டி ஏறுமுன் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளட்டும்: மாலையில் வீடு திரும்பும்போது, கடைசி வண்டியில் இருந்த பிள்ளையின் குறிப்புப் புத்தகத்திலும் முதல் வண்டியிற் கண்ட பறவைகளின் பெயர்கள் இருக்க வேண்டும்.